டார்ச் டெஸ்ட் ‘பாசிட்டிவ்’... ஆனா குழந்தையைப் பாதிச்சது கிருமிதானா? அடுத்த பிரசவத்துக்கு முன் டெல்டா குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி

“கர்ப்பத்துல ஏதோ கிருமித் தொற்று இருந்திருக்கு. அடுத்த குழந்தை நல்லா பிறக்கும், கவலைப்படாதீங்க.”

தலை சின்னதாக, அடிக்கடி வலிப்புடன், ஸ்கேனில் மூளைக்குள் வெள்ளைப் புள்ளிகளாகச் சுண்ணாம்புப் படிவுகளுடன் பிறந்த குழந்தையின் பெற்றோருக்குப் பல நேரம் கிடைக்கும் ஆறுதல் இது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இது பலிக்கவும் செய்யும். தாயிடமிருந்து கருவுக்குப் போகும் கிருமி பெரும்பாலும் ஒருமுறைதான் இப்படிப் பெரிய சேதம் செய்கிறது.

ஆனால் இதே அடையாளங்களோடு பிறக்கும் குழந்தைகளில் ஒரு சிறு பகுதிக்குக் கிருமியே வந்திருக்காது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்த மரபணுக் கோளாறு, கிருமித் தொற்று போலவே வேஷம் கட்டியிருக்கும். அந்தக் குடும்பத்துக்கு மேலே சொன்ன ஆறுதலின் இரண்டாவது வரி பொய்த்துப்போகும். அவர்களுக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து மறுபடியும் காத்திருக்கிறது.

சொந்தத்தில் திருமணம் சகஜமாக இருக்கும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் இந்த வித்தியாசம் ரொம்பவே முக்கியம். ஏன் என்று பார்ப்போம்.

டார்ச் டெஸ்ட் என்ன சொல்லும், என்ன சொல்லாது?

டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ், இவற்றோடு சிபிலிஸ், சின்னம்மை போன்ற ‘மற்றவை’. கருவிலேயே குழந்தையைத் தாக்கக்கூடிய இந்தக் கிருமிகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டார்ச்’ என்ற பெயரை 1971-ல் வைத்தவர், அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரே நமியாஸ். பிறகு அது ஒரு லேப் டெஸ்ட்டின் பெயராகவே மாறிவிட்டது. இன்று கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ‘டார்ச்’ என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள்.

சிக்கல், ரிப்போர்ட்டைப் படிப்பதில்தான் இருக்கிறது. அதில் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்று இரண்டு வகை இருக்கும். ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால், அந்தக் கிருமியை உடம்பு எப்போதோ சந்தித்திருக்கிறது என்று மட்டும் அர்த்தம். நம் ஊரில் சைட்டோமெகலோ வைரஸைச் சின்ன வயதிலேயே சந்திக்காத பெண்கள் மிகக் குறைவு. அதனால் நல்ல ஆரோக்கியமான தாய்க்கு டெஸ்ட் எடுத்தாலும் பெரும்பாலும் பாசிட்டிவ்தான் வரும். அந்த ஐ.ஜி.ஜி. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்விடும். ஆக, பிறந்த குழந்தையின் ரத்தத்தில் தெரிவது தாயின் பழைய கதை.

ஐ.ஜி.எம். கொஞ்சம் கூடுதல் நம்பகமானது. ஆனாலும் அது தப்பாகப் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு, இருக்கும் தொற்றைத் தவறவிடுவதும் உண்டு. ‘டார்ச் பாசிட்டிவ்’ என்ற ஒரு தாளை வைத்துக்கொண்டு “காரணம் கிடைச்சாச்சு” என்று ஃபைலை மூடினால், உண்மையான காரணம் ஃபைலுக்கு வெளியே நிற்க வாய்ப்பு இருக்கிறது.

சைட்டோமெகலோ வைரஸுக்குச் சரியான சோதனை, குழந்தையின் சிறுநீரிலோ எச்சிலிலோ வைரஸையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை. அதற்கு ஒரு கெடு இருக்கிறது. பிறந்த 21 நாட்களுக்குள் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு பாசிட்டிவ் வந்தால், வைரஸ் கருவில் வந்ததா, பிறந்தபின் தாய்ப்பால் வழியாகவோ மற்றவர்களிடமிருந்தோ வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த 21 நாள், டெல்டா கிராமங்களில் பச்ச உடம்புக்காரியையும் பிள்ளையையும் வாசல் தாண்ட விடாத நாட்களோடு அப்படியே மோதுகிறது. “தீட்டு கழியட்டும், முப்பது முடிஞ்சதும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாம்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது அக்கறையில்தான். ஆனால் அதற்குள் சோதனையின் காலக்கெடு முடிந்துவிடுகிறது. பிரசவமான மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே சிறுநீர் மாதிரி கொடுத்துவிடுவதுதான் இதற்கு ஒரே வழி. தொற்று உறுதியானால் மருந்தும் உண்டு. பாதிப்பு தெரியும் குழந்தைகளுக்கு வால்கான்சிக்ளோவிர் என்ற மருந்தை முதல் மாதத்துக்குள் தொடங்கி 6 மாதம் கொடுத்தால் காது கேட்கும் திறனைக் காப்பாற்ற உதவும் என்று தெரியவந்திருக்கிறது.

கிருமியே இல்லாமல் கிருமி நோய்... அது எப்படி?

1984-ல் பிரான்ஸைச் சேர்ந்த குழந்தை நரம்பியல் மருத்துவர்கள் ஜான் ஐக்கார்டியும் பிரான்ஸ்வாஸ் கூட்டியேரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். 5 குடும்பங்கள், 8 குழந்தைகள். எல்லோருக்கும் மூளையில் சுண்ணாம்புப் படிவு, முதுகுத்தண்டு நீரில் வெள்ளணுக்கள் அதிகம். பார்த்தால் அச்சு அசலாக மூளைத் தொற்று. ஆனால் எந்தக் கிருமியும் சிக்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வந்திருந்தது. இன்று அந்த நோய்க்கு அவர்கள் இருவரின் பெயர்தான்: ஐக்கார்டி–கூட்டியேர் சிண்ட்ரோம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பது 2006-ல்தான் தெளிவானது. நம் செல்களில் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. துண்டுகள் கழிவாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றை அவ்வப்போது வெட்டி அப்புறப்படுத்தச் சில நொதிகள் உண்டு. ட்ரெக்ஸ்1 என்ற மரபணு அப்படி ஒரு துப்புரவாளரை உருவாக்குகிறது. அது வேலை செய்யாவிட்டால் கழிவு தேங்குகிறது. தேங்கிய கழிவைப் பார்த்து உடம்பு “வைரஸ் வந்துடுச்சு” என்று நம்பி, இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருளைக் கொட்டுகிறது. வைரஸ் வந்தாலும் வெளியாவது இதே இன்டர்ஃபெரான்தான். அதனால்தான் விளைவும் ஒரே மாதிரி இருக்கிறது.

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஆற்றில் வெள்ளம் வந்தாலும் வயல் மூழ்கும். வெள்ளமே இல்லாமல், தூர்வாராத வடிகால் வாய்க்கால் அடைத்துக்கொண்டாலும் வயல் மூழ்கும். மூழ்கிய சம்பா பயிரை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

இந்த நோய்க்குக் காரணமான 9 மரபணுக்கள் இதுவரை அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. இதைத் தவிர ‘போலி டார்ச்’ என்றே மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கும் வேறு சில கோளாறுகளும் உண்டு. ஆக்லுடின் மரபணு பழுதானால் மூளையின் மேற்பரப்பில் பட்டை பட்டையாகச் சுண்ணாம்பு படிகிறது என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். யு.எஸ்.பி.18 என்ற மரபணுவின் பங்கு 2016-ல் வெளியானது. இன்னொரு மரபணுக் கோளாறு, ஸ்கேனில் சைட்டோமெகலோ வைரஸ் பாதிப்பைப் போலவே தோன்றுகிறது என்று 2009-ல் தெரிந்தது. அதாவது, இன்று 25 வயதாகும் ஒருவர் குழந்தையாக இருந்தபோது இவற்றில் பலவற்றுக்கு டெஸ்ட் செய்ய வழியே கிடையாது. அன்றைக்கு “கிருமி” என்று எழுதியதில் யாரையும் குறை சொல்ல முடியாது. இன்றைக்கும் அப்படியே எழுதிவிட்டுப் போவதைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

மதுரை ஆய்வு காட்டிய உண்மை

‘இதெல்லாம் வெளிநாட்டுக் கதை’ என்று நினைக்க வேண்டாம். ஒரே அறிகுறிக்குப் பின்னால் கிருமியும் மரபும் அக்கம்பக்கமாக நிற்பதை நம் மாநிலத்திலேயே கணக்கெடுத்திருக்கிறார்கள். 1990-களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், கண்புரையோடு வந்த 366 குழந்தைகளிடம் காரணம் தேடினார்கள். 1996-ல் வெளியான அந்த ஆய்வின்படி, 25 சதவீதம் பேருக்கு அது பரம்பரையாக வந்தது. 15 சதவீதம் பேருக்குக் கருவில் தாக்கிய ருபெல்லா காரணம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ருபெல்லாவின் பங்கு 25 சதவீதம். சுமார் பாதிப் பேருக்குக் காரணமே தெரியவில்லை.

இந்தப் படம் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி முகாம் நாட்டிலேயே முதலில் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. வாட்ஸ்அப் வதந்திகளைத் தாண்டித்தான் அந்த ஊசி பள்ளிக்கூடங்களுக்குள் போனது பலருக்கு நினைவிருக்கும். தடுப்பூசி ருபெல்லாவைக் குறைக்கக் குறைய, மிச்சமிருக்கும் பாதிப்புகளில் மரபணுக் கோளாறுகளின் பங்கு கூடத்தான் செய்யும். இது கணக்கு, பயமுறுத்தல் இல்லை. தடுப்பூசி வெற்றி பெற்ற ஊரில்தான் “இது கிருமியா, மரபா?” என்ற கேள்விக்கு மதிப்பு அதிகம்.

டாக்டர்கள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்?

ஒரே டெஸ்டில் முடியாது. துப்புகளைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

முதல் துப்பு ஸ்கேன். சைட்டோமெகலோ வைரஸ் என்றால் சுண்ணாம்பு பெரும்பாலும் மூளையின் நீர் அறைகளை ஒட்டிப் படியும். ஐக்கார்டி–கூட்டியேரில் மூளையின் ஆழத்தில் இருக்கும் அடிமுடிச்சுகளில் படிவது வழக்கம். சுண்ணாம்பைப் பார்க்க சி.டி. ஸ்கேன்தான் கெட்டிக்காரன். எம்.ஆர்.ஐ. மட்டும் எடுத்தால் சில நேரம் தவறிவிடும். மூளை மடிப்புகள் உருவானதிலேயே கோளாறு, காது கேளாமை இரண்டும் சேர்ந்திருந்தால் வைரஸ் பக்கம் சந்தேகம் சாயும். விழித்திரையில் தழும்பு இருந்தால் டாக்ஸோபிளாஸ்மாவை நினைப்பார்கள். இவை பொதுவான போக்குகள்தான். விதிவிலக்குகள் நிறைய.

முதுகுத்தண்டு நீர் சோதனை குழப்பத்தைக் கூட்டவும் செய்யும். அதில் வெள்ளணுக்கள் அதிகம் என்றதும் ‘மூளைக் காய்ச்சல்’ என்று ஆன்டிபயாடிக் ஓடத் தொடங்கிவிடும். கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளரவில்லை, காய்ச்சல் மட்டும் வந்து வந்து போகிறது என்றால், அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், எல்லாக் குழந்தைகளும் பிறக்கும்போதே பாதிப்போடு பிறப்பதில்லை. சிலர் முதல் சில மாதங்கள் நன்றாக இருந்து, தலை நின்று, முகம் பார்த்துச் சிரித்து, பிறகு கற்றதை ஒவ்வொன்றாக இழப்பார்கள். இரவு பகலாக அழுகை, தூக்கமே இல்லை, தலை வளர்ச்சி நின்றுவிடும். கை, கால் விரல்களிலும் காது மடலிலும் சிவந்து தடித்த புண்கள் வரலாம். குளிர் நாடுகளில் பனியால் வருவது மாதிரியான புண்கள் இவை. நம்ம ஊரில் மார்கழியில் வந்தால் பூச்சிக்கடி என்று எண்ணெய் தடவிவிட்டுப் போய்விட வாய்ப்பு உண்டு.

எல்லாவற்றையும் விட மலிவான துப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு லேப் வேண்டாம், ஒரு பேனாவும் பத்து நிமிடமும் போதும். குடும்ப மரம். ‘இந்தப் பிள்ளைக்கு முன்னாடி ஏதாவது பிள்ளை தவறியிருக்கா? வலிப்பு வந்து, வளர்ச்சி இல்லாம? அப்பா அம்மா என்ன உறவு? சித்தப்பா, மாமா வீட்டில் இப்படி யாராவது?’ டெல்டாவில் நாலு தலைமுறை உறவை விரல் விட்டுச் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். கூட்டம் நிரம்பிய ஓ.பி.யில் அந்தப் பாட்டியிடம் கேட்க நேரம் கிடைப்பதில்லை என்பதுதான் பிரச்சனை. டாக்டர் கேட்காவிட்டாலும் குடும்பமே சொல்லிவிடலாம். முன்பு இறந்த குழந்தையைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று மறைப்பவர்கள், நோயைக் கண்டுபிடிக்கக் கிடைத்த மிகப் பெரிய துப்பை மறைக்கிறார்கள்.

பால் கொடுத்ததும் மோசமாகும் குழந்தை

மூளைச் சுண்ணாம்பு இல்லாமல் வேறு வழியில் ஏமாற்றும் நோய் ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்கு இன்றே சிகிச்சை இருக்கிறது. கேலக்டோசீமியா. பாலில் இருக்கும் ஒரு சர்க்கரையை உடைக்கும் நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் இவர்கள். பிறந்தபோது நன்றாக இருப்பார்கள். பால் குடிக்க ஆரம்பித்த சில நாட்களில் மஞ்சள் காமாலை, வாந்தி, கல்லீரல் வீக்கம். பிறகு கண்புரை. பார்ப்பதற்கு டார்ச் தொற்று மாதிரியே இருக்கும். இன்னும் மோசம், இவர்களுக்கு ஈ.கோலை கிருமியால் ரத்தத்தில் உண்மையான தொற்றும் சுலபமாக வரும். அதனால் கல்ச்சரில் கிருமியும் கிடைத்துவிடும்! ‘தொற்றுதான்’ என்று ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே, கூடவே பாலும் கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தை தேறாது.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்ல வேண்டிய மிக அரிதான நோய்களில் இது ஒன்று. பாலை நிறுத்திச் சோயா சார்ந்த உணவுக்கு மாற்றினால் சில நாட்களிலேயே நிலைமை திரும்பும். ஆனால் ஒன்று: மஞ்சள் காமாலை வரும் பச்சிளம் குழந்தைகள் ஏராளம். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் இல்லை. டாக்டர் சொல்லாமல் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பிறந்த சில நாளிலேயே இப்படிப்பட்ட நோய்களைத் தேடும் திட்டம் பல நாடுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயம். இந்தியா முழுக்க அப்படி ஒரு திட்டம் இன்னும் இல்லை.

சொந்தத்தில் கல்யாணம்... பழியா, கணக்கா?

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 28 சதவீதம் பேர் ரத்த உறவில் திருமணம் செய்தவர்கள். நாட்டிலேயே இதுதான் அதிகம். இந்திய சராசரி 11 சதவீதம். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று நிலமும் நகையும் வீட்டை விட்டுப் போகாமல் கட்டிக்கொடுத்த பழக்கத்துக்குக் காவிரிப் படுகையும் விலக்கில்லை.

மேலே சொன்ன நோய்களில் பெரும்பாலானவை, பழுதான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் வரும். ஒன்று மட்டும் இருப்பவருக்கு ஒன்றும் செய்யாது. தான் சுமக்கிறோம் என்பதே தெரியாமல் எண்பது வயது வரை வாழ்ந்துவிடுவார். கணவன், மனைவி இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டி என்றால், அந்த ஒரே பழுது இருவரிடமும் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அவ்வளவுதான் விஷயம்.

இங்கே இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். எந்தத் தம்பதிக்கும் குழந்தைக்குப் பிறவிக் கோளாறு வரும் வாய்ப்பு 2 முதல் 3 சதவீதம் உண்டு. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் இதோடு இன்னொரு 2 முதல் 3 சதவீதம் சேரும். அதாவது பெரும்பாலான சொந்தக்காரத் தம்பதிகளுக்கு நல்ல குழந்தைகள்தான் பிறக்கின்றன. ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு நோய் வந்துவிட்டால் இந்தச் சராசரிக் கணக்கு செல்லாது.

‘நாங்க சொந்தத்துல கட்டல, எங்களுக்கு வராது’ என்பதும் சரியில்லை. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் கே. தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் உள்ளிட்டோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களைப் பார்த்தார்கள். அதில் 81 குழுக்கள், ஐரோப்பாவில் பரம்பரை நோய்களுக்குப் பேர்போன பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட நெருக்கமான வம்சாவளி கொண்டவை. காரணம், பல நூறு ஆண்டுகளாகத் தன் சாதிக்குள்ளேயே நடந்த திருமணம். நேரடி உறவு இல்லாவிட்டாலும், சாதி சுருங்கச் சுருங்க எல்லோரும் தூரத்து உறவாகிவிடுகிறார்கள்.

இப்படி நெருங்கிய சமூகம் ஒன்று இந்த நோயை எப்படி எதிர்கொண்டது என்பதற்குக் கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே க்ரீ பழங்குடிக் குழந்தைகளிடம், கருவில் வைரஸ் தாக்கியதைப் போலத் தோன்றும் மூளைப் பாதிப்பு 1988-ல் பதிவானது. அது ஐக்கார்டி–கூட்டியேர் நோயேதான் என்று 2003-ல் உறுதியானது. 2006 முதல் அந்தச் சமூகத்தில், விரும்புகிறவர்கள் குழந்தை பெறுவதற்கு முன்பே தாங்கள் அந்த மரபணுவைச் சுமக்கிறோமா என்று சோதித்துக்கொள்ளலாம்.

‘நாலில் ஒன்று’ என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம்

ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். கணவர், மனைவிக்கு அத்தை மகன். முதல் குழந்தை ஒன்றரை வயதில் இறந்துவிட்டது. ‘கர்ப்பத்தில் கிருமி’ என்று ரிப்போர்ட். இரண்டாவது பிள்ளை நன்றாகப் பிறந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, ‘டாக்டர் சொன்னது சரிதான்’ என்று. மூன்றாவது குழந்தைக்கு மறுபடியும் அதே வலிப்பு.

இரண்டாவது குழந்தை நன்றாகப் பிறந்தது எதையும் நிரூபிக்கவில்லை. மரபணுக் கோளாறாக இருந்தாலும் நாலில் மூன்று பங்கு வாய்ப்பு நல்லபடியாகப் பிறப்பதற்குத்தான். ‘நாலில் ஒன்று’ என்றால் நாலு பிள்ளையில் ஒன்றுக்கு வந்துவிட்டது, மீதி மூன்றும் தப்பித்தது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு கர்ப்பமும் சோழியைப் புதிதாக உருட்டிப் போடுவது மாதிரி. முந்தைய ஆட்டம் கணக்கில் வராது.

‘கிருமி’ என்ற சொல்லுக்கு இன்னொரு விலையும் உண்டு. அது தாயின் தலையில் விழுகிறது. ‘கர்ப்பமா இருக்கப்ப பூனையைத் தொட்டா’, ‘கிரகணத்துல வெளியே வந்தா’, ‘காய்ச்சலை மறைச்சுட்டா’. அத்தையே மாமியாராகவும் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு இன்னும் ஆழமாக வெட்டும். இரண்டு பக்கமும் சமமாக வந்த மரபணு என்று தெரிந்தால், குறைந்தபட்சம் அந்தப் பெண் ஆயுசுக்கும் கேட்கும் ஏச்சு நிற்கும். எல்லா வகையும் இப்படி இரு பக்கமும் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐக்கார்டி–கூட்டியேரில் சில வகைகளுக்கு ஒரே ஒரு பழுதான பிரதி போதும், அது குழந்தையிடம் புதிதாக உருவாகியிருக்கவும் கூடும். அப்போது கணக்கே வேறு. எது என்று மரபணுச் சோதனைதான் சொல்லும்.

சிகிச்சை இருக்கிறதா?

முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் ‘ஒன்றுமே இல்லை’ என்ற காலமும் போய்விட்டது. இன்டர்ஃபெரானின் எச்சரிக்கை மணியை அமர்த்தும் மாத்திரைகள் உண்டு. அவற்றில் ஒன்று பாரிசிட்டினிப். மூட்டுவாதத்துக்கான இந்த மருந்தின் பெயர் கொரோனா காலத்தில் நம் செய்திகளில் அடிபட்டது. ஐக்கார்டி–கூட்டியேர் உள்ள 35 பேருக்கு இதைக் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2020-ல் வெளியானது. சிலர் அதுவரை செய்யாத புதிய செயல்களைக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு, யு.எஸ்.பி.18 கோளாறோடு உயிருக்குப் போராடிய சவுதி அரேபியக் குழந்தை ஒன்று, அதே வகையைச் சேர்ந்த ருக்ஸோலிட்டினிப் மருந்தில் மீண்டது பதிவானது. ஏற்கெனவே அழிந்த மூளைத் திசு திரும்பாது. அதனால் எவ்வளவு சீக்கிரம் பெயர் தெரிகிறதோ அவ்வளவு மிச்சம்.

தஞ்சையிலிருந்து எழும்பூர் வரை

பிரசவத்துக்கும் குழந்தை மருத்துவத்துக்கும் தஞ்சை மாவட்ட மக்களுக்கு ராசா மிராசுதார் அரசு மருத்துவமனை உண்டு. திருவாரூரிலும், 2022 முதல் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பயிற்சி கிடைக்கும். ஆனால் மரபணு நோய்களுக்கென்றே படித்த மருத்துவர்கள் பெருநகரங்களில்தான் குவிந்திருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவ மரபியலுக்குத் தனித் துறை இருக்கிறது. அரசுத் தரப்பில், அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் கீழ் சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டிருப்பது சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. தஞ்சாவூரில் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை எழும்பூரில் இறங்கலாம். அங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கம்தான். ஆனால் வலிப்பு வரும் பிள்ளையோடு சுமார் 350 கிலோமீட்டர், ஒவ்வொரு ரிவ்யூவுக்கும், நடவுக் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் தூரத்தை அளக்க வேண்டும்.

2021-ல் வந்த அந்தத் தேசியக் கொள்கையில், சிறப்பு மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க 2022-ல் வழி செய்தார்கள். ஆனால் அந்தக் கதவு திறப்பது, கொள்கைப் பட்டியலில் இருக்கும் நோயின் பெயர் சொல்லி வருபவர்களுக்கு. ‘டார்ச் பாசிட்டிவ்’ என்ற தாளோடு நிற்கும் குடும்பம் அந்த வரிசைக்கே வர முடியாது. பெயர் கண்டுபிடிக்கும் கட்டத்துக்குத்தான் முதலில் காசும் ஆளும் வேண்டும். எக்ஸோம் என்ற மரபணுப் பரிசோதனையைத் தனியாரில் எடுக்க ஆகும் செலவு, கூலி வேலை செய்யும் குடும்பத்தின் பல மாத வருமானம்.

குழந்தை இறந்துவிட்டால் இந்தக் கதவும் அடைபடும். அதனால்தான் குழந்தை மோசமான நிலையில் இருந்தால், ஊதா மூடி ட்யூபில் சில மில்லி ரத்தம் எடுத்து டி.என்.ஏ.வைப் பத்திரப்படுத்தச் சொல்கிறார்கள் மரபியல் மருத்துவர்கள். அந்த நேரத்தில் பெற்றோரிடம் இதைக் கேட்பது கொடுமை. கேட்காமல் விட்டால், அடுத்த முறை டாக்டர்களால் எதையும் சோதிக்க முடியாது.

ஏனென்றால் அடுத்த கர்ப்பத்தில் சோதனை செய்ய, எந்த மரபணுவில் எந்த இடத்தில் பழுது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுக்கும் சோதனையைப் பொதுவாக 11 முதல் 13 வாரத்துக்குள் செய்வார்கள். தவறினால் 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் சோதனை. கர்ப்பம் தரித்த பிறகு எக்ஸோம் அனுப்பினால் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் வயிறு தெரிய ஆரம்பித்துவிடும். முடிவு எடுக்க வேண்டியது முழுக்க முழுக்கத் தம்பதிதான், கருவைத் தொடர்வதும் அதில் அடங்கும். 24 வாரத்தைத் தாண்டிவிட்டால், 2021 சட்டத் திருத்தத்தின்படி கருவுக்குக் கடுமையான கோளாறு இருக்கிறது என்று மருத்துவக் குழு சொன்னால் மட்டுமே கருக்கலைப்புக்கு அனுமதி.

எனவே ஒரு குழந்தையை இப்படி இழந்த தம்பதி மரபியல் ஆலோசனைக்குப் போக வேண்டிய நேரம், நாள் தள்ளிப்போவதற்கு முன்பு. போகும்போது எடுத்துச்செல்ல வேண்டியவை: இறந்த குழந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ஃபிலிம், டார்ச் ரிப்போர்ட், முடிந்தால் கூடவே உறவுமுறை தெரிந்த பாட்டி.